குட்டியானைக் கண்ணாடியில் தொங்கிய தேனீக் கூட்டம்

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவிநாசியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துவைத்த துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நடந்ததை இதுவரை எத்தனையோ பேரிடம் சொல்லியாயிற்று. சொல்லும்போதெல்லாம் என் குரல் உயர்ந்துவிடுகிறது, கை கால் எல்லாம் ஆடுகிறது என்று மகள் கிண்டல் செய்கிறாள். ஆடினால் ஆடட்டும்.

நான் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் சாம்பிள் செக்‌ஷனில் முப்பது வருடம் தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா உட்காரச் சொன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதனால் மாடியில் பீர்க்கங்காய், பூசணி, தக்காளி என்று கண்டதையும் வளர்க்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தேனீ வளர்ப்பில் பைத்தியம். அவருடைய மாடியில் பெட்டி, என்னுடைய மாடியில் பூ. அவருடைய தேனீக்கள் வந்து உட்கார்ந்து போன பிறகுதான் என் பூசணி ஒழுங்காகக் காய்க்க ஆரம்பித்தது. ஆகவே நாங்கள் கூட்டாளிகள் ஆகிவிட்டோம். அவர் பால் வாங்கப் போனால் எனக்கும் சேர்த்து வாங்கி வருவார். நான் செடிக்குத் தண்ணீர் விடும்போது தேனீக்கள் குடிப்பதற்கு ஒரு தட்டில் கூழாங்கல் போட்டு நீர் வைப்பேன்.

அவருக்கு இது மூன்றாவது கூட்டம். முதலாவது மெழுகுப் புழு பிடித்து அழிந்தது, இரண்டாவது மழையில் போனது. "இதுவும் போச்சுன்னா பெட்டியப் பரண்ல தூக்கிப் போட்டுட்டுப் பேசாம டிவி பாத்துட்டு உக்காந்துக்கறேனுங்க அம்மிணி" என்று சொல்லியிருந்தார். வேடிக்கையாகச் சொன்னது போல இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்தால் வேடிக்கை இல்லை என்று தெரிந்தது. மனைவி போன பிறகு அந்தப் பெட்டியிடம்தான் அவர் நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்.

கூட்டாளிக்கு நான் செய்த மரியாதை ஒரு தேனீக் கவச உடை. கடையில் வாங்கலாம் என்றவரை நான் விடவே இல்லை. திருப்பூர்க்காரி பக்கத்து வீட்டில் இருக்கும்போது கடையில் உடுப்பு வாங்குவதா? நல்ல வெள்ளை இன்டர்லாக் பனியன் துணி எடுத்து, அளவெடுத்து, கை முனையில் கட்டை விரல் நுழைய ஓட்டை வைத்து, தலைக்குத் தனியாக வலை போட்டு, வெளிநாட்டு ஆர்டருக்குத் தைப்பது மாதிரி தைத்துக் கொடுத்தேன். உடம்போடு கச்சிதமாக ஒட்டி நின்றது. அவர் அதைப் போட்டுப் போட்டோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். ஆனால் பெட்டியைத் திறக்கும்போது ஒருநாளும் போட்டதில்லை. அவருடைய தேனீக்கள் அவ்வளவு சாது, வெறும் கையோடே வேலை பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். முந்தின நாள்தான் அண்ணன் ஆசை ஆசையாகப் பெட்டிக்கு நீல பெயிண்ட் அடித்திருந்தார். அந்த வாசனை தேனீக்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. திடீரென்று பக்கத்து மாடியில் ஒரு இரைச்சல். மோட்டார் ஓடுகிறது என்று நினைத்துத் திரும்பினால், பெட்டி வாசலிலிருந்து தேனீக்கள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன! மேலே எழும்பி, கருத்த மேகமாகச் சுற்றிச் சுற்றிப் பறக்கின்றன. வாளியை அப்படியே போட்டுவிட்டுக் கத்தினேன்.

"ஏனுங்கண்ணா! வெளிய வாங்க! கூட்டம் கெளம்பிருச்சு!"

அவர் சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் நுரையோடு ஓடி வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுகூட மிச்சமில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "நின்னா ஆகாதுங்கண்ணா, எங்க போகுதுன்னு பாக்கலாம்" என்று அவரைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கினேன். நைட்டியும் தோளில் துண்டுமாக நான், லுங்கியும் நுரையுமாக அவர். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தபடியே சந்தில் ஓடினோம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

சந்து முனையில் பேக்கரிக்கு எதிரே குட்டியானை என்று சொல்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று நின்றது. பின்னால் முழுக்கச் சாயம் போடாத துணி உருளைகள். மேகம் அதன் மேல் இறங்கியது. டிரைவர் பக்கம் வெளியே நீண்டிருந்த கண்ணாடியில் சில தேனீக்கள் உட்கார்ந்தன, பிறகு அவற்றின் மேல் சில, அவற்றின் மேல் இன்னும் சில. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலாப்பழம் அளவுக்கு ஒரு கொத்து தொங்க ஆரம்பித்துவிட்டது. அண்ணன் என் கையைப் பிடித்து, "ராணி உள்ள இருக்குதுங்க. அது எங்க உக்காருதோ அங்கதான் மத்ததெல்லாம் உக்காரும்" என்றார்.

அதற்குள் பேக்கரியிலிருந்து டீ கிளாஸோடு டிரைவர் ஓடி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், தென்மாவட்டத்துப் பேச்சு. ஒரு குச்சியை எடுத்துக் கதவில் படார் படார் என்று அடித்தார். கொத்து சீறியது. அவர் பின்வாங்கிப் போய், வண்டியில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை எடுத்து அந்தக் குச்சியில் சுற்ற ஆரம்பித்தார். பக்கத்தில் டீசல் கேன். பந்தம் கொளுத்தப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. குறுக்கே போய் நின்றேன்.

"எக்கா, தள்ளுங்க. சாயப்பட்டறைல மிஷின் எனக்காவ காலியா நிக்கு. லேட்டானா வேற ஆளு துணிய ஏத்திருவாங்க. எம் பொழப்பு போயிரும்."

"பத்து நிமிசம் குடுங்க தம்பி. இது இவரு வளத்துனதுங்க. புடிச்சுட்டுப் போயிடறோம்."

அவர் அண்ணனின் நுரை முகத்தைப் பார்த்தார், என் நைட்டியைப் பார்த்தார். எங்களை நம்பினார் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "பத்தே நிமிசம்" என்றார்.

வீட்டுக்கு நான் ஓடிய ஓட்டத்தை என் மூட்டு வலி டாக்டர் பார்த்திருக்க வேண்டும்! ஏற்றுமதிக்குத் துணி அனுப்பும் அட்டைப்பெட்டி ஒன்று, அண்ணன் வீட்டிலிருந்து பழைய தேனடைத் துண்டு ஒன்று, கூடவே நான் தைத்த கவச உடை. மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். பழைய அடையின் வாசம் இருந்தால் தேனீக்கள் வீடு என்று நம்புமாம். அடையைப் பெட்டிக்குள் வைத்து, அண்ணன் உடையை மாட்டிக்கொண்டு கம்பீரமாகக் கிளம்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுற்றி நின்றவர்களிடம் "நான் தெச்சதுங்க" என்று வேறு சொல்லிவிட்டேன்.

அடுத்த நிமிடம் அண்ணன் குதித்தார். தோளைத் தட்டினார், தொடையைத் தட்டினார். பெட்டியைப் போட்டுவிட்டு என்னை நோக்கி ஓடி வந்தார்.

"அம்மிணி! துணிக்குள்ளயே கொட்டுதுங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பனியன் துணி என்பது என்ன? நூலை வளையம் வளையமாகக் கோத்தது. இழுத்தால் விரியும், உடம்போடு ஒட்டும், காற்றுப் போகும். அதற்காகத்தானே உலகமே வாங்குகிறது! காற்றுப் போகிற வழியில் கொடுக்குப் போகாதா? முப்பது வருடம் துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடியவளுக்கு, துணி முழுவதுமே ஓட்டைதான் என்பது தோன்றவில்லை. எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். வெட்கப்பட நேரமில்லை. அண்ணனின் இரண்டு கையும் வீங்க ஆரம்பித்துவிட்டன. பெட்டியைப் பிடிக்க அவரால் முடியாது.

டிரைவர் மறுபடியும் குச்சியை எடுத்தார். நான் அவரைப் பார்த்தேன். முழுக்கைக் காக்கிச் சட்டை! நெய்த துணி, கெட்டித் துணி, தொளதொள என்று தைத்தது!

"தம்பி, சட்டையக் கழட்டுங்க!"

"என்னக்கா?"

"அட, கழட்டுங்கங்கறேன்!"

நடுத்தெருவில், அத்தனை பேர் முன்னால், முன்பின் தெரியாத ஒரு நைட்டிக்காரி அதட்டினாள் என்பதற்காக அவர் சட்டையைக் கழற்றி நீட்டினார். நான் அதை மாட்டி, பொத்தானைக் கழுத்து வரை போட்டு, நீண்டு தொங்கிய கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டேன். வலையை அண்ணனிடமிருந்து வாங்கித் தலையில் கவிழ்த்தேன்.

அண்ணன் பின்னாலிருந்து கண்டக்டராகவே மாறிவிட்டார். "வாங்க... வாங்க... லெப்ட்ல கொஞ்சம்... ஹோல்டான்! பெட்டிய மேல தூக்குங்க. இப்ப கண்ணாடிய ஒரே ஒரு வெட்டு வெட்டுங்க. ரைட்!"

கண்ணாடியைப் பிடித்து ஒரே உலுக்கு. கொத்து அப்படியே தொப்பென்று பெட்டிக்குள் விழுந்தது. அந்தக் கனம் இப்போதும் என் கையில் இருக்கிறது. இரண்டு மூன்று தேனீ காக்கித் துணியில் உட்கார்ந்து கொடுக்கைக் குத்திப் பார்த்தன. உள்ளே வரவில்லை. பெட்டியைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி வந்தேன். ஆனால் பாதிக் கூட்டம் இன்னும் காற்றில்தான் இருந்தது. ராணி பெட்டிக்குள் விழுந்திருந்தால் மற்றவை உள்ளே போகும். கண்ணாடியிலேயே தங்கியிருந்தால் எல்லாம் திரும்ப அங்கேயே போய்விடும். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த நேரம் பார்த்து டிரைவரின் போன் அடித்தது. நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்தோம். பத்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது.

"அண்ணே, வண்டி பஞ்சர்ணே. ஸ்டெப்னி மாத்திக்கிட்டு இருக்கேன். இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு வெறும் பனியனோடு தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டியைப் பார்க்க ஆரம்பித்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டியின் விளிம்பில் நாலைந்து தேனீக்கள் வாலைத் தூக்கிக்கொண்டு சிறகால் விசிற ஆரம்பித்தன. "கூப்புடுதுங்க! மத்ததையெல்லாம் கூப்புடுதுங்க!" என்று அண்ணன் கத்தினார். நிஜமாகவே கூப்பிட்டன! காற்றில் சுற்றியவை ஒவ்வொன்றாக இறங்கி, காலை ஷிப்டுக்குக் கம்பெனி கேட்டில் நுழைகிற மாதிரி, தள்ளுமுள்ளு இல்லாமல் நடந்து உள்ளே போயின. கண்ணாடி காலியாகிக்கொண்டே வந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பேக்கரி மாஸ்டர் வடைச் சட்டியை விட்டுவிட்டு வந்துவிட்டார். அண்ணன் அழுதார், வீங்கிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், வலைக்குள் யாருக்கும் தெரியவில்லை.

பெட்டியின் வாயை மூட அந்தக் கவச உடையின் மேல்சட்டையைத்தான் கட்டினோம். காற்றுப் போவதற்கு அதைவிட நல்ல துணி கிடையாது! டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டு பறந்துவிட்டார். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக் கூட்டி வந்தேன். பொங்கலூரில் தேனீ வளர்க்கும் அவருடைய நண்பர் பெயிண்ட் அடிக்காத பெட்டி ஒன்று இரவல் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் கூட்டம் அதில் குடியேறிவிட்டது.

ஐந்து மணி சுமாருக்குக் கீழே யாரோ கூப்பிடும் சத்தம். எட்டிப் பார்த்தால் அந்த டிரைவர். துணியை இறக்கிவிட்டு, பேக்கரியில் வீட்டை விசாரித்து வந்திருக்கிறார். மிஷினை வேறு ஆளுக்குக் கொடுக்கவில்லை, திட்டோடு போயிற்றாம். "அதுக நல்லாருக்காக்கா?" என்று கேட்டார். மாடிக்குக் கூட்டிப் போனோம். அண்ணன் அவரைப் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைக்கச் சொன்னார். உள்ளே மெல்ல ஒரு இரைச்சல் கேட்கும், நிம்மதியாக இருக்கிற வீட்டின் சத்தம் அது. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். எழுந்தபோது எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"இதையாக்கா கொளுத்தப் பாத்தேன்?" என்றார்.

அன்றிலிருந்து, கோபத்தில் எதையாவது அழிக்கக் கிளம்பிவிட்டவர் யாராக இருந்தாலும், அது நானாகவே இருந்தாலும், குறுக்கே போய் நின்று பத்து நிமிடம் கேட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.