கோட்டுக்கு மேலே நின்ற புள்ளி

மாலை நாலரை மணி. பாடசாலை ஆய்வுகூடத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் கண்டது, வரைபுத்தாளில் தனியே உயர்ந்து நின்ற ஒரு புள்ளியை. அதை அழிக்கச் சொன்னவன் நான். அது சரியான புள்ளி!

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

கல்முனையில் நான் இரசாயனவியல் ஆசிரியன். ருஷ்தா உயர்தர வகுப்பில், அறிவியல் பிரிவில், என் மாணவி. மாகாண அறிவியல் போட்டிக்காக நீர், எதனோல், இரண்டையும் சரிபாதியாகக் கலந்த கலவை என மூன்றும் ஒடுங்கிய கண்ணாடிக் குழாயில் வடிய எடுக்கும் நேரத்தை அளந்தாள். பாகுநிலை கூடக்கூட, திரவம் மெதுவாக வடியும். கலவையின் பாகுநிலை நீருக்கும் எதனோலுக்கும் இடையில்தான் விழும் என்று சொல்லி, அளக்கும் முன்பே நான் ஒரு நேர்கோடு வரைந்து கொடுத்திருந்தேன்.

ஆனால் சரிபாதிக் கலவை, நீரையும் எதனோலையும் விட மெதுவாக வடிந்திருந்தது.

நோன்பு மாதம். எனக்குத் தொண்டை காய்ந்திருந்தது. வீட்டுக்குப் போகும் அவசரம் வேறு.

“நோன்புக் களைப்பில விரல் பிந்திட்டு மகள். கடிகாரத்த அமத்தக்குள்ள நித்திரையா?”

“விரல் பிந்தினா தண்ணிக்கும் பிந்தணுமே சேர்? நேத்தும் இப்பிடித்தானே வந்த.”

“அப்ப விடிய ஸஹருக்கு நல்லாச் சாப்பிட்டுட்டு வந்து அள. இப்ப அத அழிச்சிடு.”

அவள் சிரித்தாள். பிறகு அழிப்பானை எடுத்துப் புள்ளியை அழித்து, என் கோட்டிலேயே புதிதாக ஒன்றை வைத்தாள்.

குழாய் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு தடவையேனும் நானே அளந்து பார்த்தேனா? இல்லை...

போட்டிக்கு முந்திய வாரம் ஒரு நூலில் வாசித்தேன். நீரும் எதனோலும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால், கலவையின் பாகுநிலை இரண்டையும் தாண்டிவிடுமாம். அவளிடம் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. பிழைவிட்ட ஆசிரியனாக அவள் முன் நிற்க வெட்கம்!

நோன்பின் கடைசிப் பத்து நாளுக்குள், மட்டக்களப்பில் போட்டி. நடுவர் அந்த நேர்கோட்டைப் பார்த்தார். “இது நீங்க அளந்த பெறுமானம்தானா?”

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் பின்வரிசையில் இருந்தேன். எழுந்து நின்றிருந்தால் போதும்... கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்ல சேர். நான்தான் மாத்தின.”

அவளுடைய ஆய்வைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

திரும்பி வரும் வழியில், “பரவாயில்ல சேர்” என்றாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த அன்று, ருஷ்தா கலைப் பிரிவு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.