பொழி முறிக்க நல்ல நாள்

எங்கள் ஊரில் இப்போதெல்லாம் ரோட்டில் நடக்கிறவர்கள், தாங்கள் டூரிஸ்ட் இல்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒரு கையில் சாளை மீன் பொதியும் மறு கையில் கறிவேப்பிலையுமாக முக்கு ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். ஒருவன் படம் ஒட்டிய அட்டையை முகத்துக்கு நேரே நீட்டி, போட்டிங் வேண்டுமா மேடம், கண்டல் காடு பார்க்கலாம், மணல் பீச் பார்க்கலாம் என்றான். கேரள வண்டி என்றால் மலையாளம், தமிழ்நாட்டு வண்டி என்றால் தமிழ், மற்ற எல்லாவற்றுக்கும் இந்தி. நான் வண்டியில்கூட வரவில்லை. அவனுடைய அம்மாவும் நானும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். சொன்னேன். சிரித்துவிட்டு அடுத்த காரைப் பார்த்து ஓடினான்.

நான் அமரவிளையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது இந்த ஊரைப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள். கடலோரக் காயலில், கயிறு திரிப்பதற்காகத் தேங்காய்த் தொண்டு, அதாவது மட்டை, அழுகப் போட்டிருப்பார்கள். அந்த நாற்றம் பக்கத்து ஊரான காரோடு வரைக்கும் வரும். வந்த புதிதில் சோறு இறங்காமல் தவித்திருக்கிறேன். பிறகு கயிறு வேலை படுத்துவிட்டது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி காயலோரம் இரண்டு குடில் கட்டினார்கள். அதைப் பார்த்து நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு டாக்டர் நான்கு கட்டினார். அதன்பிறகு தண்ணீரில் மிதக்கிற குடில், மரத்தின் மேல் குடில் என்று ஊரே கட்டிக்கொண்டு போயிற்று. மீன் பிடித்தவர்கள் போட் ஓட்டினார்கள். தொண்டு அடித்த பெண்கள் படுக்கை விரிப்பு துவைக்கப் போனார்கள். ஒன்றும் குற்றம் சொல்வதற்கில்லை, வயிறு நிறைந்தது.

சரித்திரம்தான் பாடாய்ப் பட்டது. என் வீட்டுக்காரரின் தம்பி ஒரு ரிசார்ட்டில் போட் ஓட்டுகிறான். ஒருநாள் அவன் போட்டில் ஏறிப் போனபோதுதான் தெரிந்தது, இடிந்து கிடக்கும் கயிறு கோடவுன் சுவர் ஒரு ராஜா ஒளிந்திருந்த கோட்டையாம். தொண்டு அழுகப்போட்ட குழி, ராணி நீராடிய துறையாம். டெல்லிக்காரர்கள் பயபக்தியோடு படம் எடுக்கிறார்கள். என்னலே இது என்று பிறகு கேட்டேன். சும்மா பார்த்துவிட்டுப் போனால் அவர்களுக்கு மனசு நிறையாது என்றான். பொய் சொன்னாலும் முகத்தில் ஒரு கள்ளம் இருக்காது அவனுக்கு. அதுதான் எனக்கு எரிச்சல்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது பொழி விஷயம்.

நெய்யாறு கடலில் சேருகிற இடத்தில் கடல் மணலைக் குவித்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். அதுதான் பொழி. மழைக்காலத்தில் பொழி அடைந்திருந்தால் ஆற்று வெள்ளம் போக இடமில்லாமல் காயல் பொங்கி, தாழ்ந்த வீட்டுப் புரையிடங்களில் ஏறும். அப்போது ஆட்கள் மம்மட்டியோடு போய் மணலில் ஒரு சால் வெட்டி விடுவார்கள். பொழி முறிப்பது என்று பேர். சால் ஆழமாக விழுந்துவிட்டால் மிச்சத்தை ஆறே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒருவர் இருவரால் ஆகாது. மெதுவாக வெட்டினால் கடல் திரும்ப மூடிவிடும். பத்துப் பன்னிரண்டு பேராவது மூச்சுவிடாமல் வெட்ட வேண்டும். அதற்கு இங்கே ஒரு முறை உண்டு. யார் வீட்டு முற்றத்தில் முதலில் வெள்ளம் ஏறுகிறதோ அந்த வீட்டார்தான் முதல் வெட்டு வெட்ட வேண்டும். அந்த வீட்டில்தான் எல்லோருக்கும் மரச்சீனிக் கிழங்கு அவித்து, பால் விடாத கட்டன் காப்பி போட வேண்டும். கூலி என்று ஒன்று கிடையாது. பெரும்பாலும் அந்த வீடு எங்கள் வீடுதான், ஏனென்றால் எங்கள் முற்றம்தான் தாழ்வு.

முற்றம் நனைவதைப் பற்றிக்கூட எனக்குக் கவலை இல்லை. கவலை கிணற்றைப் பற்றி. இந்த வரிசையில் எங்கே தோண்டினாலும் ஓர் உப்புக் கரிப்பு உண்டு. எங்கள் கிணறு மட்டும் ஏனோ நல்ல வெள்ளம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் குடிக்கவும் சோறு பொங்கவும் இங்கேதான் வெள்ளம் கோருவார்கள். காயல் வெள்ளம் ஒருமுறை கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கினால் போயிற்று. இறைத்து, சேறு வாரி, மருந்து போட்டாலும் பழைய ருசிக்கு வருமா என்று யாருக்கும் தெரியாது.

போன வருடத்துக்கு முந்தின வருட மழையில் பொழி அடைந்து முற்றத்தில் வெள்ளம் ஏறியது. மரச்சீனியைத் தோலுரித்து வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட வீட்டுக்காரரை அனுப்பினேன். அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். பின்னாலேயே கொழுந்தன் வந்தான்.

"மைனி, சனிக்கெழம வர பொறுக்கணும். மணலில வச்சு ஒரு கல்யாணம் உண்டு. இப்பம் பொழிய முறிச்சா மணலு கடலோட போவும்."

"கெணத்துல வெள்ளம் ஏறினா ஒனக்க கல்யாணப் பார்ட்டி வந்து கோரித் தருமாலே?"

அவன் தலையைச் சொறிந்தான். அவன் வேலை பார்க்கிற ரிசார்ட்டின் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையான மனிதர், ஏதோ வடக்கு ஜில்லா. இளநீர் கொடுத்தார். இயற்கையை நாம் தொந்தரவு செய்யக்கூடாது என்றார். காயலுக்குள் கான்கிரீட் தூண் இறக்கியவர் இதைச் சொல்கிறார். பஞ்சாயத்து மெம்பரிடம் கேட்டேன். மேலிடத்து உத்தரவு வரட்டும் அக்கா என்றாள். அவளுடைய வீட்டுக்காரருக்கு அந்த ரிசார்ட்டில் இரண்டு போட் ஓடுகிறது.

சனிக்கிழமை காலையில் கைப்பிடிச் சுவருக்கும் வெள்ளத்துக்கும் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. மம்மட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரை வழியாக நடந்தேன். வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கூட வந்தார். பொழியின் மணல் திட்டில் பூப்பந்தல், வெள்ளை நாற்காலி, பாட்டுக் கச்சேரி. நான் பந்தலைத் தாண்டிப் போய், தாழ்ந்த இடம் பார்த்து, கர்த்தாவே என்று முதல் வெட்டு வெட்டினேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. யாராவது பிடித்துத் தள்ளுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

நடந்தது வேறு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இதை ஊர்ச் சடங்கு என்று நினைத்துவிட்டார்கள். ரிசார்ட்தான் ஏற்பாடு செய்திருக்கிறது என்று அவர்களுக்குள் பேச்சு. படம் எடுக்க ஓடி வந்தார்கள். ஒரு மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டி என் கையிலிருந்து மம்மட்டியை வாங்கினார். பந்தல் போட்ட பணியாட்கள் வைத்திருந்த மம்மட்டி, சட்டி எல்லாம் கைமாறின. மாப்பிள்ளை வெட்டினான், பெண்ணும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்டினாள். மேனேஜர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். சால் ஆழமாயிற்று. ஆறு இரைச்சலோடு இறங்கியது. கல்யாணக் கூட்டம் கைதட்டியது. வீட்டுக்கு வந்து பார்த்தேன், கிணறு தப்பிவிட்டது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பை இன்று நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

அடுத்த மழைக்கு முன்பே அந்த ரிசார்ட்டின் விளம்பரத்தில் பொழி முறிப்பு ஏறிவிட்டது. பாரம்பரியச் சடங்காம். விருந்தினர்களும் கலந்துகொள்ளலாமாம். அவித்த மரச்சீனியும் கட்டன் காப்பியும் உண்டாம், வாழையிலையில்.

மழை பெய்தது. பொழி அடைந்தது. வெள்ளம் முற்றத்தில் ஏறியது, வியாழக்கிழமை. கொழுந்தன் வந்தான். கையில் ஒரு பொதி.

"மைனி, ஞாயித்துக்கெழம பெரிய பார்ட்டி ஒண்ணு புக்கிங் உண்டு. பொழி முறிக்கியத பாக்கதுக்காக்கும் வருது. அதுவர தொடண்டாம். மொத வெட்டு மைனிதான். இந்த செட்டு சாரிய உடுத்திட்டு வரச் சொன்னாவ."

வெள்ளைச் சேலை, சரிகை போட்ட கசவுக் கரை. நான் அதைத் தொடவில்லை. அன்றைக்கே மம்மட்டியோடு இறங்கினேன். கூட வர ஆள் வேண்டுமே. ஒவ்வொரு வீடாகப் போனேன். முன்பு மரச்சீனிக்கு வந்தவர்கள் எல்லோரையும் ரிசார்ட் ஞாயிற்றுக்கிழமை வெட்டுவதற்குக் கூலி பேசிப் பிடித்துவிட்டது. இன்றைக்கு வெட்டிவிட்டால் அன்றைக்கு எதை வெட்ட என்று என்னையே கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருப்பதுபோல் ஒரு கணம் எனக்கே தோன்றியது, அவ்வளவு தெளிவாகக் கேட்டார்கள். நானும் வீட்டுக்காரரும் மட்டும் போய் வெட்டினோம். வெட்ட வெட்டக் கடல் மூடியது. என் உள்ளங்கை பிய்ந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காயல் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறிக் கிணற்றுக்குள் இறங்கியது. சத்தமே இல்லை. கக்கூஸ் குழிகளும் நிரம்பித்தான் அந்த வெள்ளம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு வந்தவள், எட்டிப் பார்த்துவிட்டு, காலிக் குடத்தோடு திரும்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. மெம்பர் செட்டு சாரி உடுத்தி முதல் வெட்டு வெட்டினாள். அவள் வீடு மேட்டில். அங்கே எந்த மழையிலும் வெள்ளம் ஏறியதில்லை. கைதட்டல் எங்கள் முற்றம் வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். ரிசார்ட் கொடுத்துவிட்டதாம், பாட்டில் வெள்ளம், ஒரு பெட்டி. எடுத்து எறிந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் வீட்டில் குடிக்கச் சொட்டு இல்லை. ஒரு பாட்டிலைத் திறந்து மூன்று பேருக்கும் கட்டன் போட்டேன். அவன் நின்றுகொண்டே ஒரு வாய் குடித்தான். பழக்கத்தில் கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவ வாளியை இறக்கியவன், கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். அவன் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த வெள்ளம் குடித்துத்தான்.

"நாறுது மைனி" என்றான்.