ஓவர்மாரோ

அந்தத் தாளில் வஞ்சிர மீனும் உப்பும் கலந்த கவிச்சி வீசும். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய தடித்த ஆங்கில அகராதி ஒன்றைக் கிழித்துத்தான் ஸ்டெல்லாவின் அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் கட்டிக் கொடுப்பார். மிஞ்சிய தாள்களை என் எட்டாம் வகுப்புத் தோழி ஸ்டெல்லா எனக்காக மடித்து எடுத்து வருவாள். மீன் வாடையே அறியாத மயிலாப்பூர் வீடு எங்களுடையது. "பையில என்னடி இப்படி நாத்தம்? ஆத்துக்குள்ள கொண்டு வராதே!" என்று அம்மா கத்துவாள். நான் தாளை இன்னும் அடியில் திணித்து வைப்பேன்.

யாரும் பேசாத சொற்களாகப் பார்த்துப் பொறுக்கினோம். 'ஆக்ஸ்டர்' என்றால் கக்கம். 'ஸ்லகபெட்' என்றால் விடிந்தும் படுக்கையை விட்டு எழாதவன். விடியுமுன் கடலுக்குப் போய்வந்து பகலில் தூங்கும் அவள் அண்ணனுக்கு அதையே பெயராக வைத்துவிட்டோம், பாவம். ஒருநாள், "இங்கிலீஷ்காரனுக்கும் 'நாளன்னிக்கு' கீதுடி!" என்று கூவிக்கொண்டே ஓடிவந்தாள். தாளில் 'ஓவர்மாரோ' என்று இருந்தது. பொருள், நாளை மறுநாள்.

அவள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மறுநாளுக்கான 'லீவ் லெட்டரை' யாரையும் கேட்காமல் தானே ஆங்கிலத்தில் எழுதி, 'ஓவர்மாரோ' வருவேன் என்று பெருமையாக முடித்திருந்தாள் ஸ்டெல்லா. டீச்சர் அதை வகுப்புக்கே படித்துக் காட்டிச் சிரித்தார். "இப்படி ஒரு வார்த்தையே கிடையாது. யாராவது பாத்திருக்கீங்களா?" தாள் என் பையில்தான் இருந்தது. எடுத்தால் வகுப்பே மூக்கைப் பொத்திக்கொள்ளுமே என்று, சனியன் பிடித்த நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்டெல்லா என்னை ஒருமுறை பார்த்தாள், காட்டிக்கொடுக்கவில்லை.

டீச்சர் அனுப்பியதால் மணி அடிக்கும்வரை வகுப்புக்கு வெளியே நின்றவள், போகும்போது, "வுடுடி, நாளன்னிக்கு வரேன்" என்றாள். வரவேயில்லை. அவள் அம்மா பிழைக்கவில்லை என்றும், மீன் கூடை அவள் தலைக்கு வந்துவிட்டது என்றும் பிறகு கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.

இப்போது அந்தச் சொல்லைக் கைப்பேசியில் தட்டினால் நொடியில் வந்து நிற்கிறது, 'வழக்கொழிந்தது' என்ற குறிப்போடு. பட்டினப்பாக்கத்தில் சாலையோரத்து மீன் கூடைகளும் இல்லை. எல்லாம் புதிய மீன் அங்காடிக் கட்டடத்துக்குள் போய்விட்டன. போன மாதம்தான் துணிந்து அங்கே சென்று ஸ்டெல்லாவைப் பற்றி விசாரித்தேன். "இங்க நாலு ஸ்டெல்லா கீதும்மா. நாளன்னிக்கு வா, கேட்டு வெக்கிறேன்" என்றார் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி.

நான் இன்னும் போகவில்லை.