விழுங்கிய ‘வீடு’

எழுபதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணம் முடிந்து ஆறாம் மாதம் நடந்தது இது. எங்கள் கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவது. அந்த வீட்டில் என் மனைவி நெருப்புக்காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழும்பியிருந்தாள். இனி ஓய்வுதான் மருந்து என்றார் டாக்டர். ஓய்வு எங்கே கிடைக்க? வருத்தம் பார்க்க, அதாவது நோய் விசாரிக்க, வருகிறவர்கள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தொடங்கினால் இரவு இஷாவரை ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் அவள் எழும்பி உட்கார்ந்து காய்ச்சல் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். நாளுக்கு நாள் வாடிப்போனாள்.

ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோயே தீருவது என்று முடிவெடுத்தேன். பொத்துவிலுக்கு அப்பால் அறுகம்பேயில், வெள்ளைக்காரர்களுக்கென்று சொகுசான வாடிவீடுகள் மூன்று எழும்பியிருந்தன. இரண்டு றோட்டோரம். மூன்றாவது தூரத்தில், தென்னைகளுக்கு நடுவே தனியாக. எனக்கு அதுதான் வேண்டும்.

“வருத்தக்காரியக் கடக்கரையில கொண்டு போடப் போறீங்களா, மருமகன்?” என்று மாமி மறித்தார். நான் அசையவில்லை.

பொத்துவில் பஸ் கண்டக்டர் தெரிந்தவர். நகரும் பஸ்ஸோடு ஓடிக்கொண்டே கத்தினேன். “கண்டக்டர் நானா, ஊருக்கு ஆகத் தூரமா இரிக்கிற வாடியச் செல்லி வையுங்க! பொஞ்சாதி ஓய்வெடுக்க!”

எப்போதும் போல அவசரம். ‘வீடு’ என்ற சொல்லை விழுங்கிவிட்டேன். எங்கள் கரையில் வாடிவீடு என்றால் பயணிகள் தங்குமிடம். வெறும் வாடி என்றால் மீன்பிடிக்காரரின் ஓலைக்குடில்.

அடுத்த கிழமை பொத்துவிலில் இறங்கினோம். கண்டக்டர் சொல்லிவைத்தபடி மாட்டுவண்டியோடு ஒருவர் காத்திருந்தார்; கரைவலைக்குச் சொந்தக்காரர். வண்டி மூன்று வாடிவீடுகளையும் தாண்டிப் போய் ஓர் ஓலைவாடிக்கு முன்னால் நின்றது. தன் ஆட்களை வெளியேற்றி, வெள்ளைமணல் பரப்பி, புதுப்பாய் விரித்து வைத்திருந்தார்.

“நான் கேட்டது வாடிவீடு!”

“அப்ப வீட்டக் கடல் கொண்டுபோயிட்டுப் போல, தம்பி!” என்று சிரித்தார்.

நான் திரும்பத்தான் நினைத்தேன். மனைவி கேட்கவில்லை. “இஞ்சேருங்க, இன்னொருக்கா வண்டியில குலுங்க எனக்கு ஏலா.” பாயில் சாய்ந்தாள், உறங்கிவிட்டாள்.

அவள் எழும்பியதும் எப்படியும் அந்த மூன்றாவது வீட்டுக்குப் போய்விடுவது என்று வாசலில் குந்தியிருந்தேன். எதிரே அவருடைய ஆட்கள் கடலிலிருந்து கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது: வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டு இல்லை. அந்தப் பாட்டின் தாளத்தில்தான் கால்கள் சேர்ந்து பின்வாங்கும். இங்கே முப்பது பேர் வாயை மூடிக்கொண்டு இழுத்தார்கள். காலடி பிசகியது, கயிறு வழுக்கியது. பழக்கத்தில் ஒருவர் “ஏலோ” என்று தொடங்க, பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்தார்.

ஓடிப்போய் வலைக்காரரிடம் கேட்டேன்.

“தங்கச்சி உறங்குதுதானே. வருத்தம் பாக்க உள்ள போனா எழும்பிரும். அதான் பாடாம, இப்பிடிப் பாக்கிறம்.”

நானும் கயிற்றைப் பிடித்தேன், வாயைத் திறக்காமல். மாலை அஸர் பாங்குவரை அவள் உறங்கினாள். நாலு நாளும் அந்த வாடியில்தான் இருந்தோம்.

இப்போது யாருக்காவது வருத்தம் என்றால் வாசலோடு நின்று, உறங்குகிறாரா என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறேன். மரியாதை தெரியாதவன் என்று ஊரில் ஏசுகிறார்கள். ஏசட்டும், பாட்டில்லாமல் வலை இழுத்த அந்த முப்பது பேரை அவர்கள் கண்டதில்லை.