அலேக்குட்டி சேச்சியின் பத்து நிமிடம்

எங்கள் சாச்சன் இளகிய மனசுக்காரர் என்று இப்போது ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைசித் தங்கை ஜெஸ்லினும் அதையேதான் சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குக் கிடைத்த அப்பா அப்படிப்பட்டவர். மூத்தவள் அலேக்குட்டி சேச்சிக்குக் கிடைத்தவர் வேறு ஆள். அந்த ஆளை இந்த ஆளாக மாற்றியது வயசு என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாற்றியது சேச்சி. நடுவில் பிறந்து, பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான்.

எங்கள் வீடு பாலா டவுனுக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில். சாயங்காலம் ஏழு அடிக்கும்போது எல்லோரும் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் முழங்காலில் இருக்க வேண்டும். ஜெபம் முடிந்ததும் இளையவர்கள் பெரியவர்களிடம் போய், கைகூப்பி, "ஈசோவுக்கு ஸ்துதி" என்போம். "எப்பவும் ஸ்துதியா இருக்கட்டும்" என்று அவர்கள் பதில் சொன்ன பிறகுதான் கஞ்சி. பிந்தி வந்த பிள்ளைக்குச் சாச்சன் பதில் சொல்ல மாட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அன்றைக்குக் கஞ்சி கிடையாது. இரண்டு அடி கொடுத்திருந்தால் தேவலை என்றிருக்கும்.

பதினேழு வயதில் சேச்சி பாலாவுக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போனாள். பூசைக்குப் போன பள்ளியில் அம்மா பாதிரியார் அச்சனைப் பிடித்து, அவர் சாச்சனிடம் பேசி வாங்கிய அனுமதி அது. ஒரு மழை நாளில் வழியில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. மீதித் தூரம் ஓடி வந்தும் மணி ஏழு பத்து. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஸ்துதி சொன்னாள். சாச்சன் திரும்பிக்கொண்டார். மரம் விழுந்ததை அம்மா சொன்னதற்கு, அதற்கு முந்தின பஸ்ஸில் வந்திருக்க வேண்டும் என்றார். முந்தின பஸ் போகும்போது வகுப்பே முடிந்திருக்காது.

மறுநாள் சரியான நேரத்துக்கு வந்து சொன்னாள். அன்றும் திரும்பிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் ஜெபம் முடிந்ததும் சேச்சி அவர் பக்கமே போகவில்லை. நேரே அடுக்களைக்குப் போய், தானே கஞ்சியை ஊற்றி, பயறு எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். சாச்சன் வாசற்படியில் வந்து நின்றார். காலால் தட்டை எத்தினார். சேச்சி எழுந்து வேறொரு தட்டை எடுத்தாள்.

"நான் சொன்னது ஆண்டவருக்கு ஸ்துதி. அதைத் திருப்பி அனுப்புனது நீங்க. இனிமே உங்ககிட்ட கொண்டுவர மாட்டேன்."

அதற்குப் பிறகு கொண்டுவரவே இல்லை. கல்யாணத்தன்று பெண் பள்ளிக்குப் புறப்படுமுன் பெரியவர்கள் எல்லோருக்கும் ஸ்துதி சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சொன்னாள், மாமன்மாருக்குச் சொன்னாள். கஞ்சி போட்ட வேட்டியோடு நாற்காலியில் காத்திருந்த சாச்சனைத் தாண்டிப் போய் ஜீப்பில் ஏறினாள்.

இதற்கெல்லாம் என் கணக்கிலும் ஒன்று எழுதப்பட்டது. சேச்சி தட்டெடுத்த அடுத்த வாரமே என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார். ஒருத்தி வெளியே போய் வந்த லட்சணம் போதும் என்றார். சேச்சி மேல் கொஞ்ச காலம் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் வீட்டிலேயே இருந்ததால் ஒன்றைப் பார்த்தேன். ஜெபம் முடிந்ததும் சாச்சன் ஓரக்கண்ணால் சேச்சி முட்டுப்போடும் இடத்தைப் பார்ப்பார். அவள் கட்டிக்கொண்டு போன பிறகும் பார்ப்பார்.

ஜெஸ்லினுக்கு டியூஷன் வந்தபோது ஜெபம் ஏழரையானது. பிறகு எட்டானது. பஸ் பிந்தினால் டார்ச்சை எடுத்துக்கொண்டு முக்குக்குப் போய் நிற்பார். அவள் கோட்டயத்தில் நர்ஸ் ஆன பிறகு ஸ்துதி போனிலேயே வந்தது. போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வார்.

ஜெஸ்லினின் கல்யாணக் காலை. பட்டுடுத்தி நின்றவள், அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது சேச்சியின் கையைப் பிடித்தாள்.

"இன்னைக்காவது சாச்சனுக்கு ஒரு ஸ்துதி சொல்லிடு சேச்சி. ஒரு பஸ் லேட்டானதுக்கு இருபத்தாறு வருஷமா? அப்படிப்பட்ட ஆளா நம்ம சாச்சன்?"

"உனக்கு ஜெபம் எட்டு மணிக்கு எப்படி வந்துச்சு? மணி தானா நகர்ந்துச்சா?" என்றாள் சேச்சி.

பெரிய மாமன் சிரித்துவிட்டு, பிந்தினால் கஞ்சி இல்லை என்று ஒரு சட்டம் இந்த வீட்டில் இருந்ததா என்று சாச்சனைக் கேட்டார். கூடவே மற்றவர்களும் சிரித்தார்கள். சாச்சனும் சேர்ந்து சிரித்திருந்தால் போதும், மழையும் கஞ்சியும் என் எட்டாம் வகுப்பும் நடக்காத கதையாகியிருக்கும். சேச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது மன்னிப்பு அல்ல. நடந்தது நடந்தது என்று அவர் வாயால் வர வேண்டும்.

சாச்சன் சிரிக்கவில்லை.

"இருந்துச்சு. பத்து நிமிஷத்துக்காகப் பிள்ளைய மூணு நாள் பட்டினி போட்டேன்" என்றார்.

பிறகு எழுந்து சேச்சியின் முன்னால் வந்து கைகூப்பினார். "ஈசோவுக்கு ஸ்துதி."

அப்பன் மகளுக்கு முந்திச் சொல்லி எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சேச்சி கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"பத்து நிமிஷம் ஆகட்டும் சாச்சா."

வெளியே காரில் ஹாரன் அடித்தார்கள். பள்ளியில் அச்சன் காத்திருப்பார் என்று மாமன் கத்தினார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். சாச்சன் அதைத் தள்ளிவிட்டு, கூப்பிய கையோடு நின்றார். அந்தத் தூரத்தில் முள் அவர் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் எத்தனை இருக்கு மோளே?"

இரண்டு இருந்தது.

"நாலு" என்றேன்.

சேச்சி கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் சொன்ன நான்கும் முடிந்த பிறகுதான், "எப்பவும் ஸ்துதியா இருக்கட்டும்" என்றாள்.

அதில் பத்து நிமிடம் அவளுடையது. மிச்சம் இரண்டு என்னுடையது.