தாய்மாமன் மடி

விருதுநகரில் எனக்கு வேலை, சாலை விபத்து அறிக்கைகளைக் கணினியில் ஏற்றுவது. செத்துப்போனவர்களில் குழந்தை இருந்தால், காரில் அது எங்கே உட்கார்ந்திருந்தது என்றும் எழுத வேண்டும். பெரும்பாலும் ‘மடியில்’ என்றுதான் இருக்கும். அந்தச் சொல்லைத் தட்டிவிட்டு உடனே அடுத்த அறிக்கைக்குப் போக என்னால் முடியாது. எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன்.

அக்காவின் ஒன்றரை வயது மகளுக்கு இருக்கன்குடியில் மொட்டை போட நாள் குறித்தார்கள். தாய்மாமன் நான், என் மடியில் வைத்துத்தான் முடி இறக்க வேண்டும். சீராகத் தங்கக் கம்மலோடு, காரில் மாட்டும் குழந்தை இருக்கை ஒன்றையும் தோளில் சுமந்துகொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“தாய்மாமன் நீங்க இருக்கையில பிள்ளைக்கு நாற்காலி எதுக்குத் தம்பி? மடிய எதுக்கு வச்சிருக்கீக?”

“மடி கோயில்ல அத்தை. கார்ல இதுதான்.”

எனக்கு வீம்பு வந்துவிட்டால் லேசில் இறங்க மாட்டேன். இருக்கை வராவிட்டால் மடியும் வராது என்று சொல்லிவிட்டேன். அத்தான் சிரித்துக்கொண்டே அதைப் பின் சீட்டில் மாட்டினார்.

பாதி வழி வரைக்கும் பிள்ளை அழுது தீர்த்தது. மாமியார் என்னை முறைத்தபடியே வந்தார். தூக்கிவிடலாமா என்று எனக்கே கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். சாத்தூர் நெருங்கும்போது ஜன்னலில் லாரிகளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. கோயிலில் இறங்க மாட்டேன் என்று இருக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே அடம்.

மொட்டை போடும் இடத்தில் என் மடியில் வைத்ததும் வீறிட்டு நெளிந்தது. ஆடுகிற தலையில் கத்தி வைக்க மாட்டேன் என்று மொட்டை போடுகிறவர் ஒதுங்கிக்கொண்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமியார்தான் விறுவிறுவென்று எழுந்து போனார். அத்தானிடம் இருக்கையைக் கழற்றித் தூக்கிவரச் சொல்லி, என் மடிமேல் வைத்து, பிள்ளையை அதில் உட்காரவைத்து வாரைப் பூட்டினார்.

“இப்பவும் தாய்மாமன் மடிதான். போடுங்க.”

சுற்றி நின்றவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாரத்தில் என் தொடை மரத்துப்போனது. பிள்ளை மகாராணி மாதிரி ஆடாமல் உட்கார்ந்திருந்தது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

திரும்பும்போது மாமியார் தானே வாரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொன்னார். சந்தனம் பூசிய மொட்டைத் தலை தூக்கத்தில் ஆடிக்கொண்டு வந்தது. விருதுநகர் வரைக்கும் என் மடி காலியாகவே இருந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்.