சோதினைக் காலத்து விருந்தாளிகள்

எங்கள் வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். ஹொல்ம்லியா ரயில் நிலையத்தில் இறங்கி மேட்டில் ஏறினால் வரிசையாக வரும் அடுக்குமாடிகளில் ஒன்றில், மூன்றாவது மாடி. கலியாணம் கட்டி ஒஸ்லோவுக்கு வந்த முதல் சில வருடங்களில், கோடை காலத்தில் அந்த அறையில் நாங்கள் படுத்த நாட்களைவிட விருந்தாளிகள் படுத்த நாட்கள் அதிகம். இதை நான் சொன்னால் என் கணவர் சிரிப்பார். "சும்மா பெரிசாக்காதையும்" என்பார். நான் பெரிதாக்கவில்லை.

லண்டனிலிருந்து அவருடைய பள்ளித் தோழர் குடும்பத்தோடு வந்தார். ஜெர்மனியிலிருந்து சித்தப்பா மகன் வந்தான். வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்து அலுத்துப்போய் ஒஸ்லோவில் வேலை தேட வந்த ஒருவர், இரண்டு கிழமை என்று சொல்லி வந்து, மரங்கள் இலை கொட்டும்வரை எங்கள் சோபாவிலேயே இருந்தார். தொலைபேசியில் கேட்கிற எல்லோருக்கும் என் கணவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: "ஓம், வாங்கோ."

அவர் பஸ் ஓட்டினார். ஒரு நாள் காலை வேலை, ஒரு நாள் மாலை வேலை, சனி ஞாயிறிலும் வேலை. அதனால் வாங்கோ என்று சொல்வது அவராகவும், வந்தவர்களுக்குச் சோறு வைப்பதும் போர்வை துவைப்பதும் ஊர் காட்டுவதும் நானாகவும் இருந்தது. நிர்வாணச் சிலைகள் நிறைந்த அந்தப் பூங்காவுக்கு மட்டும் ஒரே கோடையில் நான் ஏழு தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் சிரிப்பார், யாராவது ஒருவர் வெட்கப்படுவார், யாராவது ஒருவர் சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொல்வார்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். தட்டுக் கழுவுவது, உருளைக்கிழங்கு அவிப்பது, வண்டியில் சாப்பாட்டை ஏற்றி மேலே அனுப்புவது. வண்டி போகிற அந்த மேல்மாடிக்கு நானும் போக வேண்டும் என்பது என் ஆசை. தாதியாகப் படிக்க வேண்டுமானால் முதலில் நோர்வேஜிய மொழிச் சோதினையில் சித்தியடைய வேண்டும். அது கடினமான சோதினை. வருடத்தில் சில தடவைதான் வைப்பார்கள். இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய், ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமைக்குப் பதிவு செய்தேன். சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன்.

அதற்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது. கணவரின் பெரியப்பாவும் பெரியம்மாவும், எனக்கு மாமாவும் மாமியும், மூன்று கிழமைக்கு வருகிறார்களாம். தகப்பன் இல்லாமல் வளர்ந்த என் கணவரைப் படிப்பித்தவர் அந்த மாமாதான். அதனால் நான் வாய் திறக்க வழியில்லை. "சோதினைக்கு இடைஞ்சல் வராது, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று கணவர் சொன்னார்.

வந்த அன்றே மாமிக்குக் காலண்டரைக் காட்டினேன். "இந்தச் சனிக்கிழமை எனக்குச் சோதினை மாமி. காலமை எட்டு மணி ரயிலிலை போகவேணும்." மாமி வட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லாப் படி பிள்ளை" என்றார். பிறகு படுக்கையறையைப் பார்த்துவிட்டு, "ஒரு அறைதானோ?" என்று கேட்டார்.

மாமாவுக்கு எதைக் காட்டினாலும் கனடாவில் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. கடல், மலை, கடை, ரயில், எல்லாம். மாமிக்கு வெளிச்சம் பிரச்சினை. இரவு பதினொரு மணியாகியும் இருட்டாத ஊரில் எப்படிப் படுப்பது என்று கேட்டு, என் சமையலறை அலுமினியத் தாளையெல்லாம் எடுத்து ஜன்னலில் ஒட்டினார். அப்படி ஒட்டியும் விடிய நாலு மணிக்கே எழும்பி விடுவார். எழும்பினால் கோப்பி போடுவார். கோப்பி போட்டால் ஹோலில் பாயில் படுத்திருக்கிற எங்களுக்கும் சேர்த்துப் போட்டு எழுப்புவார். நான் புத்தகத்தை விரித்தால் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, யாருக்கு எங்கே கலியாணம் நடந்தது, யார் யாரோடு கோபம் என்று கதைப்பார். என்னால் "மாமி, கொஞ்சம் பேசாமல் இருங்கோ" என்று சொல்ல முடியவில்லை. கழிவறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இலக்கணம் படித்தேன்.

அந்தச் சனிக்கிழமை கணவருக்குக் காலை வேலை. ஐந்து மணிக்கே போய்விட்டார். நான் ஏழரைக்குக் குளித்து, பென்சில்களையும் அடையாள அட்டையையும் பையில் வைத்து, சப்பாத்தும் போட்டுக்கொண்டேன். மாமா ஹோலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமி எங்கை மாமா?"

"நடக்கப் போனவ. ஆறு மணியாக்கும். இன்னும் வரேல்லை."

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் காடு. நான்கு பக்கமும் பாதை பிரிகிற காடு. மாமியிடம் கைத்தொலைபேசி இல்லை. நோர்வேஜிய மொழி ஒரு சொல் தெரியாது. சர்க்கரை வருத்தம் வேறு. "நீங்கள் போய்ப் பாருங்கோ மாமா, எனக்கு ரயிலுக்கு நேரமாகுது" என்றேன். மாமா தன் முழங்காலைத் தடவிக் காட்டினார். அந்தக் கால்களோடு அவர் காட்டுக்குள் போனால் பிறகு இரண்டு பேரையும் தேட வேண்டும்.

நான் ஓடினேன். "மாமி, மாமி" என்று தமிழில் கத்திக்கொண்டு, எதிரே வந்த நாய்க்காரர்களிடம் நோர்வேஜிய மொழியில் விசாரித்துக்கொண்டு, சோதினைக்காக மடிப்புக் கலையாமல் போட்டிருந்த உடுப்போடு ஓடினேன். எட்டு மணி ரயில் போகிற சத்தம் கீழே கேட்டது. அடுத்த ரயிலைப் பிடித்தாலும் போதும் என்று நினைத்தேன். அதுவும் போனது.

காட்டின் மறுபக்கத்தில் தனி வீடுகள் இருந்தன. அதில் ஒரு வீட்டுத் தோட்டத்தில், வெள்ளை மேசையில், ஒரு வயதான நோர்வேஜியத் தம்பதிக்கு நடுவில் மாமி இருந்தார். முன்னால் கோப்பி. தட்டில் சூடான வாஃபிள், அதன்மேல் ஜாம். மாமி யாழ்ப்பாணத் தமிழில் ஏதோ சொல்ல, அந்தக் கிழவி நோர்வேஜிய மொழியில் ஏதோ பதில் சொல்ல, மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் மாமி கையைக் காட்டினார். "வா பிள்ளை, வா. நல்ல சனங்கள். வழி தெரியாமல் நிண்டனான், கூப்பிட்டு இருத்திச் சாப்பாடும் தந்திட்டினம்."

"மாமி, எனக்கு இண்டைக்குச் சோதினை."

"அட, இண்டைக்கோ?" மாமி வாஃபிளை ஒரு துண்டு பிய்த்தார். "சோதினைதானே. பிறகு எழுதலாம். நீ முதல் இரு, இளைக்குது."

நான் இருந்தேன். வேறென்ன செய்வது? அந்தக் கிழவி எனக்கும் கோப்பி ஊற்றினாள். மண்டபத்துக் கதவை ஒன்பது மணிக்கு மூடிவிடுவார்கள் என்று பதிவுக் கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அவர்கள் வீட்டுச் சுவரில் மணிக்கூடு ஒன்பதைத் தாண்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி நான் வாஃபிள் சாப்பிட்டேன். நல்ல வாஃபிள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பின்னேரம் வேலையால் வந்த கணவரிடம் நான் கத்தவில்லை. எல்லா வீட்டாரும் துணி தோய்க்கும் நிலவறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய், மெஷின் ஓடுகிற இரைச்சலுக்குள் நின்று அழுதேன். மேலே இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அழுவதற்கும் இடம் இல்லை.

"நீர் ஆத்திரப்படாதையும். அவ வேணுமெண்டு செய்யேல்லை" என்றார்.

"வேணுமெண்டு செய்திருந்தா நான் திட்டியிருப்பன். இப்ப அதுக்கும் வழியில்லையே."

அடுத்த குளிர்காலச் சோதினைக்கு இடம் நிரம்பிவிட்டது. வசந்த காலத்தில் இல்லத்தில் ஆட்கள் குறைந்து எனக்கு இரட்டை வேலை. திரும்பவும் ஜூன் மாதத்துக்குத்தான் பதிவு செய்ய முடிந்தது. ஒரு வருடம் போனது.

மே மாதத்தில், இந்தக் கோடைக்கும் வருகிறோம் என்று மாமாவின் தொலைபேசி வந்தது. நான் கணவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மறுப்பைச் சொன்னார். ஆனால் அதை உண்மையாகச் சொல்ல அவருக்கு வரவில்லை.

"நாங்கள் அந்த நேரம் ஸ்பெயினுக்குப் போறம் பெரியப்பா. ரிக்கெற்றும் போட்டாச்சு."

நாங்கள் ஸ்பெயின் போக நினைத்ததே இல்லை. மாமா ஒன்றும் குறை சொல்லவில்லை. அதற்கென்ன, ஒஸ்லோவின் மறுகோடியில் ரொம்மனில் மாமியின் சொந்தக்காரர் இருக்கிறார்கள், அங்கே நின்றுகொள்கிறோம் என்றார். ஆக, அவர்கள் ஒஸ்லோவுக்கு வந்தார்கள். நாங்கள் ஒஸ்லோவில் இல்லாதவர்கள் ஆனோம்.

பத்து நாட்கள் அப்படி இருந்தோம். கோயிலுக்குப் போகவில்லை. தமிழ்க் கடைக்குப் போகவில்லை. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் இல்லாமல் பாணும் மீனும் சாப்பிட்டோம். வீட்டுத் தொலைபேசி அடித்தால் இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். எனக்காவது வீட்டுக்குள் இருக்கலாம். அவர் பஸ் ஓட்டுகிறவர். பெரிய கண்ணாடிக்குப் பின்னால், ஊரே பார்க்கிற மாதிரி இருந்துதான் அவர் வேலை செய்ய வேண்டும். ரொம்மன் பக்கம் போகிற வழித்தடங்களைச் சக ஓட்டுநர்களோடு மாற்றிக்கொண்டு, மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டினார். சொந்த ஊரிலேயே ஒளித்துத் திரிகிறோமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் படித்தேன். அந்த வீட்டில் முதல் தடவையாகச் சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்தேன்.

சோதினை எழுதினேன். மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது தலை பாரம் இறங்கியது போல இருந்தது. மறுநாள் கணவர், "வாரும், எங்கையாவது போவம்" என்றார். விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நகர நடுவில்தான் சுற்றுவார்கள், ஊருக்கு வெளியே போனால் பயமில்லை என்று கணக்குப் போட்டு, ரயில் மாறி ஸ்ட்ரோம்மனில் இருக்கிற பெரிய கடைத்தொகுதிக்குப் போனோம். ரொம்மனுக்கு அது எவ்வளவு கிட்ட என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. ஊர் முழுக்க பஸ் ஓட்டுகிற மனிதருக்குக் கூட.

நகரும் படியில் நாங்கள் மேலே போய்க்கொண்டிருந்தோம். பக்கத்துப் படியில் மாமாவும் மாமியும் கீழே வந்துகொண்டிருந்தார்கள். ஒளிய இடம் இல்லை. என் தோளுக்கு ஒரு முழ தூரத்தில் மாமியின் முகம் கடந்து போனது. வாய் திறந்தபடி அவர் கீழே போக, நாங்கள் மேலே போனோம். போய், திரும்பி, கீழே வந்தோம்.

"எப்ப ஸ்பெயினாலை வந்தனீங்கள்?" மாமி கேட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெய்யில் படேல்லைப் போலை."

கணவர் வாயெடுத்தார். இன்னொரு பொய் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். "நாங்கள் போகேல்லை மாமி. எனக்கு நேற்றுச் சோதினை. அதுக்குத்தான் பொய் சொன்னனாங்கள்."

மாமா கணவரை மட்டும் பார்த்தார். "என்னட்டைப் பொய் சொல்ல வேண்டி வந்ததோ உனக்கு?"

"சோதினை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நாங்கள் வந்திருப்பமோ?" என்றார் மாமி.

"போன வருஷம் சொன்னனான் மாமி. காலண்டரிலை வட்டம் போட்டுக் காட்டினனான். நீங்கள் காட்டுக்குள்ளை போன அண்டைக்குத்தான் அந்தச் சோதினை."

மாமி யோசித்தார். "வாஃபிள் தந்த சனங்கள் ஞாபகம் இருக்கு" என்றார். "சோதினை ஞாபகமில்லை பிள்ளை."

அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னுடைய ஒரு வருடம் போயிருக்கிறது. அது போனதே அவருக்குத் தெரியாது. சப்பாத்துக் கடை வாசலில், போகிற வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போக, நாலு பேரும் நின்றோம். பிறகு என் கணவர் சொன்னார்:

"சரி, வாங்கோவன் வீட்டை. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

சாப்பிட வந்தவர்கள் விமானம் ஏறும்வரை, நாலு நாள், எங்களோடு நின்றார்கள். நாங்கள் திரும்பவும் ஹோலில் பாய் விரித்தோம். மாமா கணவரோடு அதிகம் கதைக்கவில்லை. தொலைக்காட்சியில் விளங்காத மொழியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மாமி நான் சொல்லாமலே பாத்திரம் கழுவினார்.

கடைசி நாள் காலை கழுவிக்கொண்டே கேட்டார்: "சோதினையிலை என்ன கேட்டவை?"

"கட்டுரை எழுதச் சொன்னவை. வயசு போனவை பிள்ளையளோடை இருக்கிறதோ, இல்லத்திலை இருக்கிறதோ நல்லது எண்டு."

"நீ என்ன எழுதினனீ?"

உள்ளதைச் சொன்னேன். "இல்லத்திலை இருக்கலாம் எண்டுதான் எழுதினனான்."

மாமி தட்டைத் துடைத்து அடுக்கினார். "சரியாத்தான் எழுதியிருக்கிறாய். கனடாவிலை மகன் வீட்டிலை எங்களுக்குக் கீழை நிலவறையிலைதான் அறை. கோடைக்கு மருமகளின்ரை தாய் தகப்பன் வருவினம். அவைக்கு அறை வேணும். அதுதான் நாங்கள் வெளிக்கிட்டு இஞ்சை வாறது."

எனக்கு இரக்கமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டில் ஒன்று போயிருந்தால் அன்றைக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ஏன் மாமி முதலே சொல்லேல்லை?" என்று கேட்க வந்து, கேட்காமல் விட்டேன். நாங்களும்தான் சொல்லவில்லை.

சில கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. சித்தியடைந்திருந்தேன். தாதிப் படிப்புக்கு அடுத்த வருடம் இடம் கிடைத்தது. கணவர் ஊர் உலகமெல்லாம் தொலைபேசி எடுத்துச் சொன்னார். மாமா அவரிடம் "சந்தோஷம்" என்ற ஒரு சொல்லோடு தொலைபேசியை மாமியிடம் கொடுத்துவிட்டார். இரண்டு பேருக்குமிடையே உறவு பழையபடி ஆகவே இல்லை. அதற்கு என் கணவர் இன்றுவரை என்னைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன்.

மாமி என்னோடு கதைக்கக் கேட்டாராம். தொலைபேசியை வாங்கினேன்.

"கெட்டிக்காரி. எப்ப படிப்புத் துவங்குது?"

"ஆவணியிலை மாமி."

"கோடை விடுமுறை எத்தினை கிழமை விடுவினம்?"

நான் சொன்னேன். இரண்டு கிழமை குறைத்துச் சொன்னேன்.